திண்டுக்கல்லுக்கு உலக்கையோடு

சூரியனை நிலா நடுவில் மறைத்து, ஓரத்தில் நெருப்பு வளையம் மட்டும் மிஞ்சுகிற கிரகணம் அது. தூத்துக்குடியில் பெரும்பகுதி மறையும், ஆனால் வளையம் தெரியாது. திண்டுக்கல்லுக்குப் போனால் முழு வளையத்தையும் பார்க்கலாம் என்று சொன்னார்கள். துறைமுகத்தில் கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் என் கணவர், கிறிஸ்துமஸ் விடுமுறையோடு ஒரு நாள் லீவு சேர்த்துப் போட்டார். என் மகளுக்கு அப்போது ஐந்தரை வயது. அவள் ஒரு மாதமாக வீட்டுச் சுவரெல்லாம் வளையமாக வரைந்துகொண்டிருந்தாள்.

எனக்குத்தான் பயம். அவளுக்கு இடது கண்ணில் பார்வை குறைவு. கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டுப் போட்டு மூடி, மங்கிய கண்ணுக்கு வேலை கொடுத்து, ஒன்றரை வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேற்றிக்கொண்டு வந்தோம். அந்தக் கண்ணைக் கொண்டுபோய்ச் சூரியனுக்கு நேராகக் காட்டுவதா? கண் டாக்டர், “சரியான கிரகணக் கண்ணாடி போட்டால் பயமில்லை” என்றார். வெளியே வந்ததும், ‘சரியான’ என்பதை அழுத்திச் சொன்னாரோ என்று தோன்றியது. வாங்கிய அட்டைக் கண்ணாடியை டியூப் லைட்டில் பிடித்துப் பார்த்தேன், மொபைல் டார்ச்சில் பார்த்தேன், கீறல் உண்டா என்று தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மறுநாளும் பார்த்தேன்.

ஏரலில் பாத்திரக்கடை வைத்திருக்கும் என் மாமியார் செய்தி கேட்டதும் போனில் பிடித்துக்கொண்டார். “ஏளா, கிரகணத்துக்குக் கதவடைச்சுக் கெடக்கதுதான் வழக்கம். நீங்க தேடிப் போறீயளோ?” பிள்ளையைக் காவல் காக்கத் தானும் வருவதாகச் சொன்னார்.

வந்தவர் ஒரு பித்தளைத் தாம்பாளமும், பூண் போட்ட உலக்கையும் கொண்டுவந்தார். கிரகணம் பிடித்திருக்கும்போது தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் உலக்கையை நிறுத்தினால் தானாக நிற்கும், கிரகணம் விட்டதும் விழும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

“அத வீட்டுலயே நிறுத்தலாம்லா அம்மா?” என்றார் கணவர்.

“போலே. இங்கன அரைகுறையாத்தான புடிக்கி? முழுசாப் புடிக்க எடத்துல எப்பிடி நிக்குன்னு நான் பாக்கண்டாமா?”

காவல் என்பது சாக்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உலக்கை காருக்குள் பின்கண்ணாடியிலிருந்து கியர் வரை நீண்டு கிடந்தது. கணவர் கியர் மாற்றும்போதெல்லாம் மாமியார் அதைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தார். திண்டுக்கல் லாட்ஜில் மேனேஜர் உலக்கையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ரூம்ல மாவு இடிக்கக் கூடாதுங்கம்மா” என்றார்.

மறுநாள் காலை கிரகணம் தொடங்கும் முன்பே எல்லோரும் இட்லி சாப்பிட்டுவிட்டு ஒரு கல்லூரி மைதானத்துக்குப் போனோம். நல்ல கூட்டம். மாமியார் இடம் பார்த்துத் தாம்பாளத்தை வைத்து, தண்ணீர் ஊற்றி, உலக்கையை நிறுத்தினார். இரண்டு முறை சாய்ந்தது. மூன்றாவது முறை நின்றது.

“நிக்கு! நிக்கு பாருங்க!”

கூட்டத்தில் பாதிப் பேர் வானத்தை விட்டுவிட்டு உலக்கையைப் பார்க்க வந்தார்கள். பூண் தட்டையாக இருப்பதால் எந்த நாளும் அது நிற்கும் என்று கணவர் என் காதில் சொன்னார். அதை மாமியாரிடம் சொல்லும் தைரியம் எங்கள் இருவருக்குமே இல்லை.

என் கவனமெல்லாம் மகள்மேல். அவள் போட்டிருந்த கண்ணாடிக்கு மேல் அட்டைக் கண்ணாடி சரியாக உட்காரவில்லை. பக்கவாட்டில் இடைவெளி. ஒரு கையால் அழுத்திப் பிடித்து ஒரு நொடி காட்டுவேன், இழுத்துக் குனியவைப்பேன். “நிலா கடிச்சிருச்சும்மா, இன்னொரு தடவ” என்பாள். ஒன்பதரை நெருங்கியபோது அட்டையைச் சேஃப்டி பின் குத்தி இறுக்கிவிடலாம் என்று கைப்பைக்குள் தேடினேன். நிமிர்ந்தால் பிள்ளை பக்கத்தில் இல்லை.

தாம்பாளத்தின் முன் குந்தியிருந்தாள். அட்டைக் கண்ணாடி என் கையில். தண்ணீரில் பிறைச் சூரியன் பளபளத்துக்கொண்டிருந்தது. வானத்தைப் பார்க்காதே என்று ஆயிரம் தடவை சொன்ன நான், தண்ணீரைப் பார்க்காதே என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

பாய்ந்து தாம்பாளத்தைக் கவிழ்த்தேன். உலக்கை கணவரின் கால் கட்டைவிரலில் விழுந்தது. அவர் ஒற்றைக் காலில் குதித்தார்.

பக்கத்தில் நின்ற ஒரு பெண், “கிரகணம் விட்டுருச்சுங்களா?” என்று கேட்டாள்.

“எங்க விட்டுச்சு? எம் மருமவ விடவச்சிட்டா!” என்றார் மாமியார்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. எவ்வளவு நேரம் பார்த்தாள்? கணவர் இரண்டு நொடி என்றார். என் கணக்கில் அரை மணி நேரம். போதும், காருக்குள் போய்விடலாம் என்று அவளைத் தூக்கினேன். வளையம் வரும் நேரம் பார்த்தா என்று அவள் கதறினாள்.

மாமியார் குறுக்கே வந்து நின்றார். “இம்புட்டுத் தூரம் வந்தது காருக்குள்ள உக்காரவா? நீ அட்டையப் பிடி. ரெண்டு பக்கமும் நான் கைய வைக்கேன். எறும்பு நொழையாது.”

கிரகணத்துக்குக் கதவடைக்கச் சொன்ன அதே மாமியார்தான். நான் அட்டையை அழுத்தினேன். அவர் உள்ளங்கைகளால் பிள்ளையின் கன்னத்தையும் நெற்றிப்பொட்டையும் சேர்த்து மூடினார். மைதானம் முழுவதும் ஒரே ஆரவாரம்.

“அம்மா, வளவி! தங்க வளவி!”

“எனக்குக் காட்டுட்டி” என்று மாமியார் அட்டையை வாங்கிப் பார்த்தார். “நல்ல கனம். மூணு பவுன் தேறும்.”

கடைசிச் சில நொடிகள் எனக்கும் கிடைத்தன. மெல்லிய, குறையே இல்லாத வட்டம். பார்க்கும்போதே என் இடது கை மகளின் கண்களைப் பொத்தியிருந்தது.

திரும்பும்போது வழியெல்லாம் அவளைப் போர்டு படிக்கச் சொன்னேன். வலது கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை, இடது கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை. எழுத்துக் கூட்டி, டீக்கடை, பஞ்சர் கடை, கல்யாண மண்டபம் எல்லாம் படித்தாள். கோவில்பட்டி நெருங்கும்போது, மங்கிய கண்ணால், தூரத்தில் ஏதோ ஓட்டல் பெயரைப் படித்தாள். எனக்கு அப்படி ஒரு போர்டே தெரியவில்லை. பதறிப்போய்க் கணவரைப் பார்த்தேன்.

“சரியாத்தான் படிக்கா” என்றார்.

“அப்ப அடுத்த கண்ணாடி உனக்குத்தான்ளா” என்றார் மாமியார்.

இரண்டு நாள் கழித்துக் கண் டாக்டரிடம் நடந்ததையெல்லாம் தாம்பாளம் வரை சொன்னேன். சொட்டு மருந்து விட்டு, வெகுநேரம் சோதித்துவிட்டு, ஒன்றும் ஆகவில்லை, இடது கண் முன்பைவிட ஒரு வரி கூடுதலாகப் படிக்கிறது என்றார். இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள் டாக்டர் என்றேன்.

சிரித்துக்கொண்டே பார்த்தார்.