அரை வயிறு

டாக்டர் ஆதிகேசவன் கும்மிடிப்பூண்டி பஜாரில் கிளினிக் வைத்திருந்தபோது நான் அவரிடம் கம்பவுண்டராக இருந்தேன். மருந்து கலப்பது, காயத்துக்குக் கட்டுப் போடுவது, எடை பார்ப்பது எல்லாம் என் வேலை. அங்காளம்மாளை நான் முதலில் பார்த்தது 1973 ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு காலையில். வாசல்படியில் ஒரு காலை வைத்து, கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றாள். மருமகள் ரத்னா பின்னாலிருந்து முதுகைத் தாங்கிக்கொண்டிருந்தாள். ஏறவேண்டியது மொத்தம் இரண்டே படிகள்.

எடை மெஷினைக் காட்டி ஏறச் சொன்னேன். மறுத்துவிட்டாள்.

"மீனைத்தான் நிறுப்பாங்க. மனுசாள நிறுக்கிறது இன்னாத்துக்கு?"

ரத்னா காதோடு ஏதோ சொன்ன பிறகு ஏறினாள். முள் எண்பத்தாறில் நின்றது. ஆள் ஐந்தடி கூட இல்லை. நான் வழக்கம்போல உரக்கப் படித்துவிட்டேன். பெஞ்சில் காத்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அங்காளம்மாள் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். அன்றிலிருந்து யாருடைய எடையையும் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. சீட்டில் எழுதி நீட்டிவிடுவேன்.

முட்டி வலிக்காகத்தான் வந்திருந்தாள். டாக்டர் சிறுநீரையும் பார்க்கச் சொன்னார். நீல மருந்தில் எட்டுச் சொட்டு விட்டு ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைத்தேன். சர்க்கரை இல்லாவிட்டால் நீலம் நீலமாகவே இருக்கும். இருந்தால் பச்சையாகும், மஞ்சளாகும். அவளுடையது செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது.

"உங்களுக்கு வயசு என்னம்மா?" என்று கேட்டார் டாக்டர்.

"அம்பது இருக்கும் சாமி."

"இருபது கிலோ இறக்கணும். ராத்திரி சோறே கூடாது. மத்தியானம் இப்ப சாப்பிடறதுல பாதி. இல்லேன்னா முட்டியோட போகாது. கண்ணு, காலு, நெஞ்சு எல்லாத்தையும் பிடிக்கும்."

"பாதின்னா சாமி?"

"பாதிதான். அரை வயிறு."

மாத்திரை வாங்கும்போது அவள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "ஏன் தம்பி, அரை வயித்தை ஒரு டாக்டரு வந்து சொல்லணுமா? அதோடதானே இத்தினி வருசம் இருந்தேன்?"

அது எனக்கு அப்போது விளங்கவில்லை. மாதாமாதம் அவள் வந்து பெஞ்சில் காத்திருந்தபோது, துண்டு துண்டாக அவள் வாயாலேயே தெரிந்துகொண்டதுதான் பாக்கிக் கதை.

பழவேற்காட்டுப் பக்கம் ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்தவள். பதினெட்டு வயதில் கல்யாணம். மகன் தேசப்பனுக்கு நான்கு வயது, அடுத்த பெண் கைக்குழந்தை என்ற நிலையில் கட்டுமரத்தோடு போன புருஷன் திரும்பவில்லை. மறு மாதமே அவள் மீன்கூடையைத் தலையில் தூக்கினாள். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி வரை நடை. ஐஸ் இல்லாத காலம், வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேரவேண்டும் என்று ஓட்டமும் நடையுமாகப் போவாளாம். உடம்பில் சதை என்று ஒன்று இருந்ததே கிடையாது. வளையல் முழங்கை வரை ஏறி இறங்கும்.

கஞ்சிப் பானையில் அடியில் தங்கும் பருக்கை பிள்ளைகளுக்கு, மேலே நிற்கும் தண்ணீர் அவளுக்கு. அப்படியும் ஒரு வருடம் முகத்துவாரம் மணல் மூடி, ஏரியில் மீனும் இறாலும் அற்றுப்போனபோது, பானையில் தண்ணீர் மட்டுமே இருந்தது. அந்த வருடம்தான் பெண் இறந்தாள். நான்கு நாள் காய்ச்சல் என்று சொன்னாள் அங்காளம்மாள். கொஞ்ச நேரம் கழித்து, "காய்ச்சல்னுதான் எல்லார்கிட்டயும் சொன்னேன்" என்றாள்.

தேசப்பன் வளர்ந்து, கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்த ஓர் இரும்புக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். கல்யாணமும் ஆயிற்று. வரிசையாக ஓடு போட்ட வீடுகளில் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, அம்மாவைக் குப்பத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"இனிமே நீ கூடையைத் தொடக்கூடாது. ஊட்ல ஒக்காந்து நல்லா சாப்புடு, அது போதும்" என்றான்.

அவளும் உட்கார்ந்தாள். வாசலிலேயே குழாய். கடைவீதி கூப்பிடு தூரம். நடப்பதற்குக் காரணமே இல்லை. தேசப்பன் சில நாள் கம்பெனி கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு வருவான். அவனுக்காக வடித்த சோறு மீந்துவிடும். அதையும் அவளே சாப்பிடுவாள். இரண்டு வருடத்தில் மூன்று தடவை ரவிக்கை அளவு மாறியது. குப்பத்திலிருந்து ஒரு கல்யாணத்துக்கு வந்த பெண்கள் அவள் கையைப் பிடித்துப் பார்த்து, "அங்காளம்மாளை மவன் நல்லா வச்சினுகிறான்" என்றார்களாம். வாழ்க்கையில் அவளைப் பார்த்து யாராவது பொறாமைப்பட்டது அதுதான் முதல் தடவை. அந்த உடம்பைத்தான் டாக்டர் இறக்கச் சொன்னார்.

ரத்னா படிக்காதவள், ஆனால் டாக்டர் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தாள். ஒரு பித்தளை டம்ளரால் அளந்து சோறு போட்டாள். ராத்திரிக்குக் கேழ்வரகுக் கூழ். மறுசோறு கேட்டால், "வேணாம் அத்த, டாக்டரு திட்டுவாரு" என்பாள். ஒரு மாதம் கழித்து எடை பார்த்தபோது முள் எண்பத்தேழில் நின்றது. மெஷினைத் தட்டிப் பார்த்தேன். டாக்டர் ரத்னாவைத்தான் கோபித்துக்கொண்டார். ரத்னா தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டாள். அங்காளம்மாள் சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடந்தது இதுதான். பக்கத்து வீட்டுச் சம்பூர்ணத்திடம் அவள் ஒருநாள், "டம்ளரால அளந்து போடறா" என்று சொல்லியிருக்கிறாள். டாக்டர் சொன்னதைச் சொல்லவில்லை. சம்பூர்ணம் இளகிய மனசுக்காரி. ரத்னா துணி துவைக்கப் போகும் நேரம் பார்த்து, தினமும் ஒரு தட்டு நிறையச் சோறும் குழம்பும் கொடுத்தாள். அங்காளம்மாளும் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு வந்து மருமகள் போடும் டம்ளர் சோற்றையும் சாப்பிட்டாள்.

தை மாதம் குழாயடியில் அது வெடித்தது. குடம் வைப்பதில் ஏதோ தகராறு. சம்பூர்ணம் தெருவே கேட்கக் கத்தினாள்:

"மாமியாரைப் பட்டினி போட்டு சாவடிக்கிறவ நீ! எங்க ஊட்டுச் சோறு இல்லன்னா அந்தம்மா இந்நேரம் பூட்டிருக்கும்!"

ரத்னா குடத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினாள். ஷிப்ட் முடிந்து வந்த தேசப்பனுக்கு, டீக்கடையிலேயே விஷயம் வந்து சேர்ந்துவிட்டது. அவன் உள்ளே போய் அந்த டம்ளரை எடுத்துச் சுவரில் அடித்தான்.

"எங்கம்மா பட்ட பட்டினி உனுக்குத் தெரியுமாடி? என் ஊட்ல அது பட்டினி கெடக்கணுமா?"

ரத்னா மாமியாரைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தாள். அங்காளம்மாள் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலை ரத்னா ஒரு துணிப் பையை எடுத்துக்கொண்டு வள்ளூரில் இருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

"ஏம்மா சொல்லல?" என்று பின்னாளில் நான் கேட்டேன்.

"வெக்கமா பூட்ச்சு தம்பி. அம்பது வயசுல சோத்தைத் திருடித் துன்னேன்னு மவன்கிட்ட எப்பிடிச் சொல்றது?"

நான்கு நாள் அவளே சமைத்தாள். எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், கேட்பார் இல்லை. சோறு இறங்கவில்லை என்றாள். ஐந்தாம் நாள், தேசப்பன் வேலைக்குப் போன பிறகு, தனியாகக் கிளம்பி ரயிலேறினாள். மீஞ்சூரில் இறங்கி வள்ளூர் வரை நடந்தாள். ஒரு காலத்தில் அந்தத் தூரத்தைக் கூடையோடு ஒரே மூச்சில் கடந்திருப்பாள். அன்றைக்கு நான்கு இடத்தில் உட்கார்ந்தாள். ஓரிடத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டு எழ முடியாமல் போய், வழியில் வந்த இரண்டு பெண்கள் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்களாம். போய்ச் சேரும்போது முட்டி இரண்டும் வீங்கியிருந்தன.

சம்பந்தியம்மாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அங்காளம்மாள் வாசலில் நின்றபடியே சொன்னாள்:

"உன் பொண்ணு மேல ஒரு தப்பும் கெடையாது. டாக்டரு சொன்னதை அது செஞ்சுது. நாந்தான் பக்கத்து ஊட்ல ஒளிஞ்சி துன்னேன். துன்னது நானு, கெட்ட பேரு அவளுக்கு. அவ வரலைன்னா நான் இங்கியே ஒக்காந்துக்குவேன். என்னால திரும்பி நடக்கவும் முடியாது."

ரத்னா உள்ளேயிருந்து ஒரு செம்புத் தண்ணீரோடு வந்தாள். மாமியாரை உட்கார வைத்து முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். மறுநாள் இருவரும் ஒன்றாகவே திரும்பினார்கள். வந்ததும் அங்காளம்மாள் செய்த முதல் காரியம், குழாயடிக்குப் போய், நாலு பெண்கள் இருக்கும்போது சம்பூர்ணத்திடம் உண்மையைச் சொன்னது. சம்பூர்ணம் அழுதுவிட்டாளாம். அன்று சாயங்காலம் தேசப்பனிடமும் சொன்னாள். அவன் வெளியே போய், ஒரு புது டம்ளர் வாங்கிக்கொண்டு வந்தான்.

அடுத்த தடவை கிளினிக்குக்கு வந்தபோது டாக்டரிடமும் அவளே ஒப்புக்கொண்டாள். அவர் திட்டுவதற்கு வாயெடுத்தார். அவள் முந்திக்கொண்டாள்.

"சாமி, பசிக்குதுன்னு துன்னல. பானையில சோறு மீந்தா எனுக்குப் பயமா கீது. இன்னைக்குத் துன்னாம வுட்டா நாளைக்கு இல்லாம பூடுமோன்னு. என் பொண்ணு ஒரு வாய் சோறுன்னு கேட்டுகினே பூட்ச்சு சாமி."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். அன்று அரை மணி நேரம் அவளோடு பேசினார். அரை வயிறு என்ற பேச்சை அவர் அதன்பிறகு எடுக்கவேயில்லை. மீன் வேண்டிய மட்டும் சாப்பிடலாம், எண்ணெயில் பொரிக்காமல். கீரை எவ்வளவு வேண்டுமானாலும். வயிறு நிறையட்டும், சோறு மட்டும் அந்த டம்ளருக்கு மேல் வேண்டாம். அப்புறம் தினமும் நடக்க வேண்டும்.

சாப்பாடு படிந்து வந்தது. நடைதான் வரவில்லை. கூடையோடு நடந்து பழகிய பெண்மணிக்கு வெறுங்கையோடு நடக்கத் தெரியவில்லை. "எங்க போறேன்னு கேக்குதுங்க ஜனங்க. உடம்பு எளைக்கப் போறேன்னு எப்பிடிச் சொல்றது? சிரிப்பாங்க." இரண்டு நாள் போய்விட்டு நின்றுவிட்டாள்.

வழி கண்டுபிடித்தது ரத்னா. தேசப்பனுக்கு மத்தியானச் சாப்பாட்டைக் கேரியரில் வைத்து மாமியார் கையில் கொடுத்தாள். கம்பெனி கேட் ஒன்றரை மைல். முதல் வாரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பிறகு அக்கம்பக்கத்துப் பெண்களும் தங்கள் வீட்டுக் கேரியரைக் கொடுத்தனுப்பினார்கள். ஐந்து கேரியர் ஆனதும் அவள் ஒரு கூடை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

கூடையோடு அவளைக் கேட்டில் பார்த்த தேசப்பனுக்கு முகம் மாறிவிட்டது. "இன்னாம்மா இது? எனுக்கு மானம் போவுது. கூடையே வேணாம்னு சொன்னேனா இல்லியா?"

"உன்னை வளக்கத் தூக்கினேன் நைனா. இது எனுக்காகத் தூக்கறேன். வுட்டுடு" என்றாள்.

அவன் விட்டுவிட்டான். அதன் பிறகு கேட்டுக்கு வரும் அம்மாவின் இடுப்பிலிருந்து கூடையை இறக்கி வைக்க அவனே முன்னால் வந்து நிற்பான் என்று கேள்விப்பட்டேன்.

எடை சட்டென்று இறங்கிவிடவில்லை. மாதம் அரைக் கிலோ, ஒரு கிலோ, சில மாதம் ஒன்றுமில்லை, பொங்கல் மாதத்தில் ஏறும். 1975 கடைசியில் எழுபத்தைந்துக்கு வந்தாள். நீல மருந்து பச்சையோடு நின்றது. எங்கள் இரண்டு படிகளையும் கதவைப் பிடிக்காமல் ஏறி வந்தாள். டாக்டரே எழுந்து நின்று கைதட்டினார்.

அடுத்த கோடையில் ரோட்டோரத்தில் ஏதோ கண்ணாடித் துண்டு காலில் குத்தியது. சர்க்கரையால் பாதம் மரத்துப் போயிருந்ததில் வலி தெரியவில்லை. ஒரு வாரம் கழித்து ரத்னாதான் நாற்றத்தை வைத்துக் கண்டுபிடித்தாள். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்றரை மாதம் கிடந்தாள். வலதுகாலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். திரும்பி வந்து படுக்கையிலேயே இருந்ததில், இறங்கியதில் பாதி மறுபடி ஏறிவிட்டது. ரவிக்கையைப் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. அன்று அவள் அழுதாள் என்று ரத்னா சொன்னாள். விரல் போனபோதுகூட அழவில்லையாம்.

கால் ஆறியதும் மறுபடி நடக்கத் தொடங்கினாள். ஐந்து கேரியர் முடியாது, ஒன்றுதான். செருப்புக்குள் பஞ்சு வைத்துக் கட்டிக்கொண்டு, ரத்னாவின் தோளைப் பிடித்தபடி பாதித் தூரம் போவாள். அங்கே தேசப்பன் சைக்கிளில் வந்து வாங்கிக்கொள்வான்.

நான் வேறு ஊருக்கு வேலை மாறிய 1978-இல் அவளைக் கடைசியாகப் பார்த்தேன். எழுபத்தேழு கிலோ. சீட்டில் எழுதி நீட்டினேன். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, இறக்க இன்னும் பதினோரு கிலோ இருக்கிறதே என்றார். அவருக்கும் அந்த ஐந்து வருடத்தில் தொந்தி விழுந்திருந்தது.

"அஞ்சு வருசமா பாக்கறேன் சாமி" என்றாள் அங்காளம்மாள். "இவ்ளோதான் என்னால முடிஞ்சுது. நாளைக்கும் நடப்பேன். ஆனா நீங்க சொல்ற கணக்கு எனுக்கு வராது."

டாக்டர் சற்று நேரம் அவள் பாதத்தைத் தூக்கி, விரலிடுக்கு ஒவ்வொன்றாகப் பார்த்தார். புண் எதுவும் இல்லை. "இப்படியே இருங்கம்மா, போதும்" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். ரத்னா செருப்பை எடுத்துப் போட்டாள். இருவரும் மெதுவாகப் படியிறங்கிப் போனார்கள்.