படம் வராமல் போன வாரங்கள்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், கோலாலம்பூருக்குப் பக்கத்தில் கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு டிஷ் வந்தது என் பிடிவாதத்தால்தான். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளவயதில் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்தவர். அவருடைய ஒரே தங்கை, எங்கள் மாமி, ஊரிலேயே இருந்தார். அங்கே போர். இங்கே பேப்பரில் எப்போதாவது இரண்டு வரி வரும். டிஷ் வந்த பிறகு அப்பா தினமும் மாலையில் நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு வெளிநாட்டு ஆங்கிலச் செய்திகளைப் பார்ப்பார். ஊர்ப் பெயர் காதில் விழுந்தால் சத்தத்தைக் கூட்டுவார்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது திரை வெறும் நீலமாக இருந்தது. சிக்னல் இல்லை என்று ஒரு வரி மட்டும். நான் மழையாக இருக்கும் என்று நினைத்தேன். நம் நாட்டில் டிஷ் கிட்டத்தட்ட மல்லாந்து வானத்தைப் பார்த்தபடி இருக்கும். மழை வலுத்தால் படம் போகும், விட்டால் வரும். அன்று மழை விட்டது. படம் வரவில்லை.

அப்போது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. கல்யாணமாகவில்லை. துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க். வீட்டில் அப்பா, அம்மா, அண்ணன், நான். எது பழுதானாலும் ஸ்குரூடிரைவரை எடுப்பது நான்தான். டிவிக்குக் கீழே இருந்த டிகோடர் பெட்டியை அணைத்துப் போட்டேன். அதிலிருந்த சந்தா அட்டையை எடுத்துத் துடைத்துச் செருகினேன். பின்னால் இருந்த கேபிளைக் கழற்றி மாட்டினேன். சிக்னல் காட்டும் இரண்டு பட்டைகளும் காலியாகவே இருந்தன.

அடுத்த நாள் காலை ஏணி போட்டு போர்ச் கூரைக்கு ஏறினேன். அப்பா கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். டிஷ்ஷில் இலைச் சருகும் பறவை எச்சமும் இருந்தன, கழுவினேன். பக்கத்து வீட்டு ரம்புத்தான் கிளை ஒன்று மேலே கவிந்திருந்தது. அதுதான் மறைக்கிறது என்று முடிவு கட்டி, பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவிடம், மாக்சிக் என்றுதான் கூப்பிடுவோம், போய்க் கேட்டேன். காய் பிடித்திருந்த கிளை. அவர் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. மகனை விட்டு அன்றைக்கே வெட்டிக் கொடுத்தார். வெட்டிய பிறகும் திரை நீலம்தான்.

அண்ணன் தனக்குத் தெரிந்த டிஷ்காரர் ஒருவரை அழைத்து வந்தார். வந்தவர் கூரைக்குப் போய்ச் சிறிது நேரம் நின்றுவிட்டு இறங்கினார்.

"எல்.என்.பி. ரோசாக் அக்கா. ஸ்டாக் இல்ல, கொஞ்சம் வெயிட் பண்ணணும்."

எல்.என்.பி. என்பது டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன உருளை. அதுதான் பழுது என்றார். காத்திருந்தேன். கேட்கும்போதெல்லாம் அண்ணன், "வரும் லா, நீ ஏன் இப்படி அவசரப்படுற?" என்றார். மாலையில் அப்பா பழக்கதோஷத்தில் வந்து உட்கார்ந்து, நீலத்திரையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு எழுந்து போவார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை ரயிலேறி கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் போய்க் கடை கடையாகக் கேட்டேன். மூன்றாவது கடையிலேயே அந்த உருளை கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக இருந்தது. ஒன்றை வாங்கி வந்தேன். ஸ்டாக் இல்லையென்று டிஷ்காரர் ஏன் சொன்னார் என்று அப்போதும் நான் யோசிக்கவில்லை.

"குடு, நான் மாட்டுறேன்," என்றார் அண்ணன். வாரம் முழுவதும் மாட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பா கோயிலுக்குப் போனதும் நானே ஏறி மாட்டினேன். ஒன்றும் மாறவில்லை.

அதன் பிறகுதான் செய்திருக்க வேண்டிய முதல் வேலையைச் செய்தேன். டிஷ்ஷிலிருந்து கேபிளைக் கையால் தடவிக்கொண்டே வந்தேன். அது சுவரோரமாக இறங்கி, ஸ்டோர் ரூம் காற்றுத்துளை வழியாக உள்ளே வந்து, அரிசிப் பீப்பாய்க்குப் பின்னால் இன்னொரு கேபிளோடு பித்தளைத் திருகால் இணைந்திருந்தது. திருகு இறுக்கமாகத்தான் இருந்தது. கழற்றிப் பார்த்தேன். நடுவில் நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய செம்புக் கம்பி அடியோடு நறுக்கப்பட்டிருந்தது. எலி கடித்தால் திருகை மறுபடி முடுக்கி வைக்காது.

கேபிளைக் கையில் பிடித்தபடி அடுப்படிக்குப் போனேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அண்ணன் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான்தான் வெட்டினேன்," என்றார் அண்ணன்.

"ஏன்?"

அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "மாமி தவறிப் போயிட்டாங்க. சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு நடந்து போற வழியில. கொழும்பிலேருந்து அண்ணன் ஆபீசுக்கு போன் வந்துச்சு. அப்பாவுக்கு அதிர்ச்சி கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரே. டிவியில அந்த ஊரைக் காட்டினா, உடனே கொழும்புக்குப் போன் போட்டு மாமியை விசாரின்னு நிப்பாரு."

ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. மாமி ஒரு முறை எங்களைப் பார்க்க வந்து சில மாதங்கள் தங்கியிருந்தார். அப்போது நான் பள்ளிக்கூடம் போகிறவள். என் அறையில், என் கட்டிலில்தான் படுத்தார். காலையில் அவர் பின்னிவிட்ட சடை சாயங்காலம் வரை கலையாது. திரும்பிப் போன பிறகு என் பிறந்தநாளுக்கு மட்டும் தவறாமல் வாழ்த்து அனுப்புவார்.

"எனக்கும் அவங்க மாமிதானே," என்றேன். "எனக்கு ஏன் சொல்லல?"

"உனக்கு மறைக்கத் தெரியாது," என்றார் அண்ணன். "உன் மூஞ்சியே அப்பாகிட்ட சொல்லிடும்."

"அந்த டிஷ்காரர்?"

"நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்."

ஊர் பேர் தெரியாத ஒரு ஆளுக்குக் கூட என் வீட்டு விஷயம் தெரிந்திருக்கிறது. நான் மட்டும் கூரையில் ஏறி இறங்கியிருக்கிறேன். காய்த்த கிளையை வெட்ட வைத்திருக்கிறேன். துக்க வீட்டிலிருந்து, ஒன்றும் தெரியாமல், இரண்டு கல்யாணங்களுக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போய் வந்திருக்கிறேன். அம்மாதான் கொசுவம் பிடித்துவிட்டார்.

அப்பா கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. நான் கேபிளை மறைக்கவில்லை. அவர் அடுப்படி வாசலில் நின்று எங்கள் மூவரையும் பார்த்தார், கேபிளைப் பார்த்தார். பிறகு என்னிடம், "வா பிள்ளை," என்று முன்னறைக்கு அழைத்துப் போனார்.

"எனக்குத் தெரியும்," என்றார் மெதுவாக. "கோயில்லை ஒராள் கையைப் பிடிச்சுத் துக்கம் கேட்டவர். படம் நிக்க முன்னமே தெரியும். அம்மா பாவம், எனக்குத் தெரியக்கூடாதெண்டு பாடுபடுறா. அதை ஏன் கெடுப்பான் எண்டு விட்டன்."

"அப்போ என்கிட்ட ஏன் சொல்லல? ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்களே அப்பா."

அவர் டிவிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீ சரி பண்ணிப்போடுவியோ எண்டு பயந்துகொண்டுதான் நிண்டனான். அவள் நடந்து போன அந்த ரோட்டைக் காட்டுவாங்கள். பார்க்க எனக்கு ஏலாது."

அவர் அழுதார். அவருக்காக நானும் அழுதிருக்க வேண்டும். அந்த நேரம் எனக்குக் கண்ணீர் வரவில்லை. அம்மாவும் அண்ணனும் மறைத்ததைக் கூடத் தாங்கிக்கொள்ள முடிந்தது. அப்பா என்னோடு இருக்கிறார், அவருக்காகத்தான் இதையெல்லாம் செய்கிறேன் என்று நம்பியிருந்தேன். அவரும் அவர்கள் பக்கம்தான் இருந்திருக்கிறார்.

அந்த வாரம் ஐயரை அழைத்து மாமிக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். வந்தவர்களுக்கு நான் காப்பி கொடுத்தேன். எல்லோரும் போன பிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, தனியாக மாமிக்காக அழுதேன். பக்கத்து வீட்டு மாக்சிக்கிடம் போய் மரத்தில் ஒரு தப்பும் இல்லை என்று சொன்னேன். "தா அபா லா, பரவாயில்லை, மறுபடி துளிர்க்கும்," என்றார். கேபிள் முனையைச் சீவிப் புதுத் திருகு போட்டு இணைத்தேன். படம் வந்தது. அதன் பிறகு டிவியை யாரும் போடவில்லை.

ஆறு மாதம் கழித்து பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். கோலாலம்பூரில் வேலை மாறிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன், அதுவும் உண்மைதான். வார இறுதிகளில் கிள்ளானுக்கு வருவேன். அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிடுவேன், அவர் மருந்தைப் பார்த்து எடுத்துக் கொடுப்பேன். அன்பு குறையவில்லை. ஆனால் வீட்டில் யாராவது என்னிடம் ஒரு செய்தி சொன்னால், இது உங்களுக்கு எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்காமல் இருக்க இன்றுவரை என்னால் முடிந்ததில்லை.