அப்பா எங்கே போனார்?

தொண்ணூறுகளின் கடைசியில் ராயபுரத்துப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்தேன். வினைச்சொல்லைப் பார்த்து எப்படி, எங்கே, எப்போது என்று கேட்டால் வரும் பதில்தான் அட்வெர்ப் என்று சொல்லிவிட்டு, ‘அப்பா போனார்’ என்பதை ஆங்கிலத்தில் போர்டில் எழுதினேன். புதிதாகச் சேர்ந்திருந்த மேரியை எழுப்பினேன்.

“எங்க போனாரு? எப்போ போனாரு? நீயா ஒரு பதில் சொல்லு.”

அவள் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இதுகூடத் தெரியாதா?” என்று அதட்டினேன்.

பக்கத்தில் இருந்தவள் எழுந்து, “இவ நைனா கடலுக்குப் போயி இன்னும் வர்ல மிஸ்” என்றாள்.

மேரி மெல்லச் சொன்னாள்: “பரவால்ல மிஸ். வூட்லயும் அதத்தான் கேட்டுகினு கீறோம்.”

போர்டைத் துடைத்துவிட்டு அவளை உட்காரச் சொன்னேன். அத்தனை பிள்ளைகள் முன்னால் அதட்டத் தெரிந்த எனக்கு, அவளிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.