பூஜைக்கு நிறுத்திய உலர்த்தி

தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகையில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். வேறொரு கிரகத்தின் மண்ணுக்குள் இறங்கப் போகிற கருவியை அங்கே சோதித்துக்கொண்டிருந்தோம். வீட்டில் விசேஷம் என்றால் யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்பார்கள். விளக்கம் சொன்னதும் என் சித்தப்பா, "அப்போ போர் போடற கம்பெனின்னு சொல்லு" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு இலையைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

போர் போடுவதுதான். ஆனால் மூலக்குளத்தில் எங்கள் வீட்டுக்குப் போர் போட ஒரு லாரியே வந்தது. அதன் எடைதான் கம்பியை அழுத்தி உள்ளே தள்ளும். சூடானால் தண்ணீர் ஊற்றுவார்கள். சிக்கிக்கொண்டால் நாலு பேர் திட்டிக்கொண்டே பிடுங்குவார்கள். அங்கே தண்ணீர் கிடையாது, திட்டுவதற்கு ஆளும் கிடையாது. போய் இறங்கும் கலம் நோஞ்சான். அந்தக் கிரகத்தின் ஈர்ப்பு குறைவு என்பதால் அதன் எடை இங்கே இருப்பதில் பாதி கூட வராது. கம்பியை வைத்து அழுத்தினால் கம்பி இறங்காது, கலம்தான் மேலே எழும்பும்.

இதற்கு வழி கண்டுபிடித்தவர் எங்கள் தலைமைப் பொறியாளர். நான் அவரை சார் என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். முதலியார்பேட்டைக்காரர், சொல்தா குடும்பம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களின் பிள்ளைகளை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தும் அங்கே போகாமல் இந்தக் கொட்டகையில் கிடந்தார். அவர் செய்தது முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளமுள்ள ஒரு குழாய். உள்ளே ஒரு சின்ன மோட்டார் ஸ்பிரிங்கை இழுத்து இழுத்து விடும். ஒவ்வொரு முறையும் ஒரு சுத்தியல் குழாயின் மூக்கில் அடிக்கும். குழாய் தன்னைத் தானே அடித்துக்கொண்டு இறங்கும். அடிக்கு ஒரு நெல் அளவு போனால் போதும், பொறுமையாக அடித்தால் ஐந்து மீட்டர் போய்விடலாம். அந்த ஆழத்தில் கிரகத்தின் வயிற்றுச் சூட்டை அளக்க வேண்டும். ஒரு வெளிநாட்டு விண்வெளி நிறுவனம் இதை நம்பி எங்களிடம் வேலை கொடுத்திருந்தது.

ஒரே ஒரு சிக்கல். சுத்தியல் முன்னால் அடித்தால் குழாய் பின்னால் உதைக்கும். சுற்றியிருக்கும் மண் இறுக்கிப் பிடித்துக்கொண்டால்தான் அந்த உதை அடங்கும். மண் பிடி கொடுக்காவிட்டால் குழாய் இருந்த இடத்திலேயே துள்ளிக்கொண்டிருக்கும். ஆழம் போய்விட்டால் மேல் மண்ணின் பாரமே இறுக்கிவிடும், முதல் முழத்தில்தான் கண்டம்.

மண் என் பொறுப்பு. கல் குவாரியிலிருந்து கருங்கல் வாங்கி, முகப்பவுடர் மாதிரி அரைத்து, அடுப்பில் வாட்டி, இரண்டு மாடி உயரத் தொட்டியில் நிரப்புவேன். அந்தக் கிரகத்து மண்ணில் துளி ஈரம் இல்லை. எங்கள் ஊரிலோ கடல்காற்று. ஐப்பசியில் உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் தொட்டிக்குப் பக்கத்தில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் ஒன்று ராப்பகலாக ஓடும். உலர்த்தி என்போம். காற்றை எடுத்துவிட்டுச் செய்யும் சோதனைகளை வெளிநாட்டிலேயே சின்னப் பெட்டிகளில் வைத்துச் செய்தார்கள். முழு ஆழத்துக்கு இறங்கிப் பார்க்க எங்கள் தொட்டி ஒன்றுதான்.

அந்தத் தொட்டியில் குழாய் இரண்டு முறை தோற்றது. ஒரு சாண் இறங்கியதும் துள்ள ஆரம்பித்து, தன்னைச் சுற்றி ஒரு பள்ளம் பறித்துக்கொண்டு நின்றுவிட்டது. சார் மூன்று மாதம் உட்கார்ந்து ஸ்பிரிங்கை மாற்றினார். மூன்றாம் சோதனையைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. அவர்கள் சொன்ன தேதி ஆயுத பூஜைக்கு மறுநாள்.

அந்த வருஷம் பூஜை மழையோடு வந்தது. கொட்டகையைக் கழுவி, லேத்துக்கும் டிரில்லுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். பூஜை போட்ட இயந்திரத்தை மறுநாள் வரை ஓட்டக்கூடாது, எங்கள் பக்கத்தில் எந்தப் பட்டறையிலும் அதுதான் வழக்கம். எல்லா சுவிட்சையும் அணைத்துக்கொண்டே வந்தவள் நான்தான். உலர்த்தியின் முன்னால் வந்ததும் கை ஒரு நொடி நின்றது. அதுவும் இயந்திரம்தானே, வருஷம் முழுக்க ஓடுகிறதே, ஒரு நாளாவது ஓயட்டும் என்று அணைத்துவிட்டுப் பொட்டு வைத்தேன். சார் கிறிஸ்தவர். பூஜைக்கு வந்து பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு சீக்கிரமே கிளம்பிவிட்டார். உலர்த்தி நின்றது அவருக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் வந்து அதைப் போட்டபோது ஈரமானியின் முள் நான் என்றுமே பார்க்காத இடத்தில் நின்றது. நோட்டில் பென்சிலால் குறித்தேன். மேல் மண் கொஞ்சம் ஈரம் வாங்கியிருக்கும், ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பது கூடப் பொய். சோதனையைத் தள்ளிப் போடச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அதற்குள் சார் வெளிநாட்டு ஆட்களை அழைத்து வந்துவிட்டார், அவர்கள் மாலையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

குழாய் இறங்கியது. ஒரு சாணைத் தாண்டியது, ஒரு மீட்டரைத் தாண்டியது, தடங்கலே இல்லாமல் அடி வரை போனது. எல்லாரும் கை தட்டினார்கள். சார் என் தோளைத் தட்டி, "பாத்தியா, ஸ்பிரிங்தான்மா" என்றார். அவர் முகத்தை அப்படி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பூஜை பலித்தது என்று பட்டறையில் பேசிக்கொண்டார்கள். அறிக்கைக்காக நோட்டைப் பிரதி எடுத்தபோது அந்தப் பக்கத்தை மட்டும் நான் எடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

குழாய் விண்வெளிக்குப் போனது. மாதக்கணக்கில் பயணம் செய்து பத்திரமாக இறங்கியதும், கலம் தன் இயந்திரக் கையால் குழாயை எடுத்து மண்ணில் வைத்தது. சாரும் நானும் ஒரு சின்ன அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கலம் அனுப்பும் படங்களைப் பார்ப்போம். எப்படி அடிப்பது, எத்தனை அடி என்பதையெல்லாம் அவரைக் கேட்டுத்தான் வெளிநாட்டிலிருந்து கட்டளை அனுப்புவார்கள். முதல் நாள் ஒரு சாண் இறங்கியது. அதன் பிறகு அசையவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு படம் வந்தது. குழாயைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம். பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. தோற்றுப்போன முதல் இரண்டு சோதனைகளில் எங்கள் தொட்டியில் பார்த்த அதே பள்ளம். ஸ்பிரிங் பழையதோ புதியதோ, உலர்ந்த மண் பிடி கொடுக்கவில்லை. அன்று பிடித்தது என்னுடைய ஈர மண். நான் வாயைத் திறப்பதற்குள் சார், "ஸ்பிரிங் பலம் பத்தலை. இன்னும் கொஞ்சம் அதிகமா அடிச்சா போயிடும்" என்றார். வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் இருந்தவர்கள் எல்லாரும் சரி என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன். யாராவது மண்ணைப் பற்றிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் என்னை நானே ஏமாற்றிக்கொள்வது உண்டு.

இரண்டு வருஷம் அடித்தார்கள். நூறு அடி, இருநூறு அடி, ஐந்நூறு அடி. சாருக்கு மூக்குக்கண்ணாடி மாறியது, பேச்சு குறைந்தது. கடைசியில் கலத்தின் மேல் தூசி படிந்து மின்சாரம் தீர்ந்தது. முடிவறிக்கையில் ஸ்பிரிங் வடிவமைப்பில் பிழை, அது என் பிழை என்று சார் தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டார். கொட்டகையை மூடினார்கள். நான் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தப் போனேன். மண்ணைப் பற்றித்தான் நடத்துகிறேன், வெட்கம் கெட்டவள்.

போன மாதம் அவர் பிரான்சில் இருக்கும் மகளோடு போய்த் தங்கப் போகிறார், திரும்பி வர மாட்டார் என்று கேள்விப்பட்டேன். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. செய்யாத தப்பைச் சுமந்துகொண்டு அந்த மனிதர் விமானம் ஏறக்கூடாது என்று முதலியார்பேட்டைக்குப் போனேன். பாதி காலியான வீட்டில் புத்தகங்களை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார், ஆனால் தெளிவாக இருந்தார். எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"சார், அந்த மூணாவது டெஸ்டுக்கு முன்னாடி நாள் உலர்த்திய நிறுத்தி வச்சிட்டேன். பூஜைன்னு."

கையிலிருந்த புத்தகத்தைக் கீழே வைத்தார். "எவ்ளோ நேரம்?"

"காலையில நிறுத்துனது. மறுநாள் நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் போட்டேன்."

"மழை பேஞ்சிதே அன்னிக்கு."

"ஆமா சார். உங்க ஸ்பிரிங்ல தப்பே இல்ல. தப்பு என் மண்ணுலதான்."

இதைச் சொன்னதும் அவர் முகம் லேசாகும் என்று நம்பித்தான் போயிருந்தேன். வழியெல்லாம் அந்த முகத்தைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கணக்குப் போடுகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். என்ன கணக்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை.

"இது உனக்கு எப்போ தெரியும்?"

"அந்தப் பள்ளம் தெரிஞ்ச படம் வந்துதே சார், மூணாவது வாரம். அன்னிக்கே."

"ரெண்டு விரல்தான் இருந்துது அன்னிக்கு." மெதுவாகப் பேசினார். "மண்ணுதான்னு அன்னிக்கே தெரிஞ்சிருந்தா அடிக்கிறத நிறுத்திட்டு, கலத்தோட கைய எடுத்து மண்ண ஓரமா அழுத்தச் சொல்லியிருப்பேன். அழுத்துனா பிடிச்சிருக்கும். நான் என்னா பண்ணேன், இன்னும் அடி இன்னும் அடின்னேன். ஒவ்வொரு அடிக்கும் குழி பெருசாச்சி. கடைசியில கைய உள்ள வுட்டாக்கூட எட்டாத அளவுக்கு ஆயிடிச்சி. அது தானா சாகலம்மா. நான்தான் அடிச்சே கொன்னிருக்கேன்."

"சார், அப்படி இல்ல..."

"ஸ்பிரிங் சரியில்லன்னா அது ஆரம்பத்துலயே போயிடுச்சின்னு அர்த்தம். பிறவிக் கோளாறு, என்னா பண்ண முடியும்னு மனச தேத்திக்கிட்டேன். அதுக்கே எனக்கு மூணு வருஷம் ஆச்சி."

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். எனக்கும் ஒரு டம்ளர் கொண்டு வந்து வைத்தார். அவர் திட்டியிருந்தால் அழுது தொலைத்திருப்பேன். ஒரு தப்பை அவர் தலையிலிருந்து எடுப்பதாக நினைத்துக்கொண்டு, காப்பாற்றியிருக்கலாம் என்ற நினைப்பை அவரோடு ஊருக்குக் கட்டி அனுப்ப வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லவில்லை. சொல்லாமலே இருந்திருக்க வேண்டிய நேரத்தில் வந்து சொன்னேன்.

அவர் மறுபடியும் புத்தகத்தைக் கையில் எடுத்தார், பெட்டியில் வைக்கவில்லை.

"ரெண்டு வருஷம் எனக்குப் பக்கத்து நாற்காலியிலதானேம்மா உக்காந்திருந்தே" என்றார்.

ஆமாம் சார் என்றேன்.