வண்டிப்பாதையில் ஒரு சவப்பெட்டி

கணவர் மாட்டி இறந்ததும் டெலியா கேவகன் தானே அவரைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, கழுத்துப்பட்டி கட்டிவிட்டாள். பாதி ஆயுளை முதியோர் இல்லத்தில் பிறத்தியாருக்கு இதைச் செய்தே கழித்தவள். சொந்தப் புருஷனுக்குச் செய்யும்போதும் கை பழக்கத்தில் ஓடியது. வேலை முடிந்த கையோடு ஃபெஸ்டஸ் மனெல்லி துக்கம் கேட்க வந்து நின்றான்.

ஃபெஸ்டஸ் பக்கத்துப் பண்ணைக்காரன். டெலியாவின் முற்றத்தை ஒட்டிய வண்டிப்பாதையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டு, அடுப்புக்குக் கரிமண் வெட்டச் சதுப்புக்குப் போவான். கேட்டால், "எங்கப்பன் காலத்துலேர்ந்து போற வழி" என்பான். பாதை எங்களுடையது என்று மாட்டி வழக்குப் போட்டிருந்தார். விசாரணை தொடங்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அயர்லாந்தின் மேயோ பக்கத்தில் எதிரியானாலும் சாவு வீட்டுக்கு வராமல் இருக்க மாட்டான். ஃபெஸ்டஸ் பெட்டியருகே சிலுவை போட்டுக்கொண்டான். தேநீரும் ஹாம் சாண்ட்விச்சும் வாங்கிக்கொண்டான். அப்புறம் ஆரம்பித்தான்.

"ஏரித் தண்ணி ரோட்டு மேல நிக்குது, டெலியா. சவ வண்டி வராது. பெட்டியத் தோள்ல தூக்கி நம்ம வண்டிப்பாதை வழியாவே கோயிலுக்குப் போயிடலாம். முன்பக்கம் நானே தோள் குடுக்கறேன்."

'நம்ம' என்ற சொல் அவளுக்கு உறுத்தியது.

"அப்ப வழக்கு?"

"மாட்டியே போயாச்சு. அதுவும் அவனோட போச்சு, விடு."

அவன் தலை மறைந்ததும் மாட்டியின் தங்கை நெல்லி கிசுகிசுத்தாள். "அண்ணி, ஏமாந்துடாதீங்க! பொணம் போன வழி பொதுவழி ஆயிடும்பாங்க. அதுக்குத்தான் அந்த நரி தோள் குடுக்குது."

டெலியாவும் அப்படிக் கேள்விப்பட்டதுண்டு. பாதையைப் பறிகொடுத்தால் ஜன்னலுக்கடியில் காலமெல்லாம் டிராக்டர் உறுமும். நேரே வக்கீல் டெர்வ்லாவைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"அது ஊர்ப் பேச்சு, டெலியா. சட்டத்துல இல்ல," என்றாள் டெர்வ்லா. "நிலத்து வழக்கு ஆளோட சாகாது. உயிலை நிறைவேத்தற பொறுப்ப மாட்டி உங்ககிட்டதான் குடுத்திருக்கார். கோர்ட்டுல சொல்லி, அவர் பேர் இருந்த இடத்துல உங்க பேரப் போடுவோம். விட்ட இடத்துலேர்ந்து நடக்கும்."

"அவன் பெட்டியத் தூக்கிட்டுப் போனா?"

"போகட்டும். நீங்க அனுமதி குடுத்துப் போனத அவன் உரிமைன்னு சொல்லிக்க முடியாது."

அடக்கத்தன்று காலையில் டெலியா பாதையின் கேட்டைப் பூட்டினாள். மழையில் பெட்டி வந்து நின்றது. முன்னால் ஃபெஸ்டஸ், பின்னால் பாதிரியாரும் ஊரும்.

"போகலாமான்னு கேளு, ஃபெஸ்டஸ்."

"என்ன விளையாட்டு இது? தோள் இறங்குது. மாட்டி லேசான ஆளில்ல."

"அவருக்கு அவசரமில்ல. கேளு."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஃபெஸ்டஸின் காது சிவந்தது.

"போகலாமா, டெலியா?"

"போகலாம். என் அனுமதியோட, இன்னிக்கு மட்டும்." ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் பூட்டைத் திறந்தாள்.

குழி மூடியபின் அவன் அவளருகில் வந்தான். கண் ஈரமாக இருந்தது. மழையா, அழுகையா, நடிப்பா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"வழக்க விடமாட்டியா?"

"இனிமே என் பேர்ல நடக்கும்."

"நான் செத்தா?"

"உன் மகன் உன் இடத்துல நிப்பான். உன் பெட்டியத் தூக்க நானே ஆள் அனுப்பறேன். வழிய மட்டும் அவன் வந்து என்கிட்ட கேக்கட்டும்."

வீடு திரும்பியதும் கேட்டைப் பூட்டினாள். நாலடி நடந்தவள், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தாள்.