தூசிப்பழம்

அம்மாவின் சேலையில் முகம் புதைத்தால் கண் கரிக்கும். சூலூர்ப் பக்கம் ஒரு கறிக்கோழிப் பண்ணையில் அவள் கூலிக்குப் போனாள். தரையில் பரப்பிய தேங்காய் நார்த்தூளான மஞ்சியை, கோழி எச்சத்தோடு கட்டிப்போகாமல் காலையும் மாலையும் கிளறிவிடுவதுதான் வேலை. குஞ்சுக்குக் குளிரக் கூடாதென்று நாலு பக்கமும் "படுதா" கட்டி மூடியிருப்பதால் கிளம்புகிற தூசிக்கும் நெடிக்கும் அவள் மூக்கைத் தவிர வேறு போக்கிடமில்லை.

வேலை முடிந்ததும் பண்ணைக்காரர் ஆளுக்கொரு பூவன்பழம் கொடுப்பார். அதற்கு எங்கள் ஊரில் "தூசிப்பழம்" என்றே பெயர். "தின்னுபோட்டுப் போ அம்மணி, நெஞ்சுத் தூசியெல்லாம் வவுத்துக்கு எறங்கிரும்" என்பார். அதை மருந்தென்று முழுசாக நம்பிய அம்மா, முந்தானையில் முடிந்துவந்து என் கையில் வைப்பாள். "எனக்கு அங்கியே ஒண்ணு குடுத்துட்டாங்க கண்ணு, நீ தின்னு." பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை தினமும் தின்றேன்.

ஒரு விடுமுறை நாளில் சோறு கொண்டுபோனபோது, கோழிக் கம்பெனி டாக்டர் வந்திருந்தார். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, காதைத் தாழ்த்தி குஞ்சுகளின் மூச்சைக் கேட்டார். "எரைக்குதுங்க. நெடி சாஸ்தி. படுதாவ மொதல்ல தூக்குங்க" என்றார். உடனே தூக்கினார்கள். மூலையில் அம்மா இருமிக்கொண்டிருந்தாள். "வெளிய போயி இருமு அம்மணி, குஞ்சு மெரளுது" என்றார் பண்ணைக்காரர். "சரிங்க" என்று அம்மா சிரித்தபடி வெளியே வந்தாள். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

அம்மாவுக்கு நுரையீரல் கெட்டுவிட்டதென்று தெரிந்தபோது, அவள் மருந்தையெல்லாம் நான் தின்றுதீர்த்தேன் என்றே நினைத்தேன். போன மாதம் கோவை ஆஸ்பத்திரியில், அம்மா பக்கத்திலிருக்க, அதை டாக்டரிடம் சொல்லி அழுதேன்.

"சாப்பாடு போற வழி வேற, மூச்சு போற வழி வேறம்மா. ஒரு தாரே தின்னிருந்தாலும் தூசி இறங்கியிருக்காது. படுதாவைத் திறந்திருக்கணும். மூக்குக்கு நல்ல கவசம் கொடுத்திருக்கணும்" என்றார்.

பாரம் இறங்கவில்லை. வயிறுதான் எரிந்தது. இன்று அந்தப் பண்ணையில் குஞ்சுகளுக்காகப் பெரிய விசிறிகள் சுழல்கின்றன. பழம் கொடுக்கும் வழக்கம் எப்போதோ நின்றுவிட்டது. முன்பெல்லாம் தோட்டத்துக் கடைசியிலிருந்து ஒரே மூச்சில் என் பெயரைக் கூவி அழைக்கிற அம்மா, டாக்டர் சொன்னதைக் கேட்டு என் கையைப் பிடித்தாள்.

"அப்ப நீ... தின்னதே... நல்லதாப் போச்சு கண்ணு."

அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு மூன்று முறை மூச்சு வாங்கியது.