பாட்டிலில் இருந்த மெரூன்

குழந்தைகளே, எனக்குக் குமாரபாளையத்தில் சாயப்பட்டறை வேலை. பட்டறைக் கழிவு காவிரியில்தான் விழும். அது என் மகளுக்குத் தெரியாது. ஆற்றைக் காப்பது பற்றிய இரண்டு நாள் முகாமுக்கு அவளுடன் போயிருந்தேன். சனிக்கிழமை ஆற்றுத் தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் மொண்டு காட்டினாள்.

"இதென்னங்கப்பா, செவப்பா இருக்குது?"

நிறத்தைப் பார்த்ததும் தொழில் பெருமையில் சொல்லிவிட்டேன். "மெரூனு சாமி. நேத்து நான் கலக்குனது."

"நீங்களாங்கப்பா?"

அவள் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ரப்பர் படகில் போனோம். பாறைகளுக்கிடையே படகு குதித்ததும் நுரைத்தண்ணீர் முகத்தில் அடித்தது. எல்லோரும் சந்தோஷத்தில் கத்தினார்கள். என் மகள் மட்டும், ஒரு சொட்டும் உள்ளே போகாதபடி உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டு, என்னையே பார்த்தாள்.